டொமினிக்குக்கு வாயில் வராத சொல்

கத்தியை இந்தப் பக்கம் ஆறு இழுவை, அந்தப் பக்கம் ஆறு இழுவை தீட்டிவிட்டு, பெருவிரல் நகத்தில் கூர் பார்த்தபடியே, வாசலில் வந்து நிற்கும் ஆளை டொமினிக் ஒரு பார்வை பார்ப்பார். ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் மேசையில் கிடக்கிற இறைச்சிக்குப் பெயர் பிறக்கும். வங்கி முகாமையாளர் வந்தால் அது 'போர்க்'. பள்ளிக்கூட வாத்தியார் வந்தால் 'அந்த அயிட்டம்'. பின்னேரத்துக்குப் போத்தல் ஒழுங்கு பண்ணிவிட்டு வருகிற இளந்தாரிகளுக்கு அது 'பைட்ஸ்'. முகாமிலிருந்து வருகிற ஆமிக்காரர் சிங்களத்தில் 'ஊரு மஸ்' என்று கேட்பார்கள். இவரும் 'தியனவா மாத்தயா', இருக்கிறது ஐயா, என்று சிரிப்பார். மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டு றோட்டில், அவருடைய வீட்டுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திறக்கிற அந்தத் தகரக் கொட்டிலில் விற்பது ஒரேயொரு மிருகத்தின் இறைச்சிதான். அதற்குத் தமிழிலும் ஒரு பெயர் உண்டு என்பது அங்கே யாருக்கும் தெரியாதது போலக் காரியங்கள் நடக்கும்.

பாலம் தாண்டிப் பெருநிலத்திலிருந்து வருகிறவர்களின் சொல் வேறு. நறுவிலிக்குளத்துச் சிவசுப்பிரமணியம் ஐயா கோயில் பரிபாலன சபைத் தலைவர். விபூதி பூசாத நெற்றியோடு அவரைப் பார்த்தவர் கிடையாது. அவர் கேட்பது 'மருந்து'. மூல வியாதிக்கு நல்லதென்று யாரோ ஒரு பரியாரியார் சொன்னாராம். பதினொரு வருடமாக, வாரம் இரண்டு கிலோ. "கொழுப்புப் பக்கமாப் பாத்துப் போடும் தம்பி, மருந்துக்கு அதுதான் விசேசம்" என்பார். மருந்து என்றபடியால் அது வீட்டுக் குசினிக்குள் போகாது. வயல் கொட்டிலில், தனிச் சட்டியில் வேகும். மனைவி அன்னப்பிள்ளை, மனுசன் ஞாயிறு தவறாமல் வாய்க்கால் பார்க்கப் போகிறார் என்று ஊருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இந்த வட்டாரத்தில் மூல வியாதிக்காரர் எத்தனை பேர் என்ற விபரம் எந்த வைத்தியரிடமும் இல்லாத அளவுக்கு டொமினிக்கிடம் இருக்கிறது. "பாவம் ஐயா, எப்ப சுகம் வருமோ" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்வார். சுகம் வந்துவிட்டால் இவருக்கும் அல்லவா நட்டம்.

இதே ஐயாவின் வயல் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே இருக்கிறது. கதிர் முற்றுகிற காலத்தில் காட்டுப் பன்றி இறங்கி, விதைத்தவன் உழுததைவிட ஆழமாக உழுதுவிட்டுப் போகும். எப்போதாவது ஒன்று அகப்பட்டுவிட்டால் அன்று ஊருக்கே கொண்டாட்டம். பங்கு பிரித்து வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்புவார்கள். அதற்குப் பெயர் 'வேட்டை இறைச்சி'. அதைத் தின்பதில் ஒருவருக்கும் கூச்சமில்லை, தின்ன ஒரு வியாதியும் தேவையில்லை. டொமினிக்குக்கு இந்த நியாயம் இன்றுவரை பிடிபடவில்லை. "காட்டில கிடந்து கண்ட கழிசடையும் திண்டது சுத்தமாம். சீமெந்துத் தரையில, தவிடும் புண்ணாக்கும் திண்டு, ஊசி போட்டு வளந்தது ஊத்தையாம். நான் என்னத்தைச் சொல்ல?" என்று முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

பொதி சுற்றுவதிலும் மனிதருக்கு ஒரு சட்டதிட்டம் உண்டு. கிழமை முழுக்கச் சேர்த்த பழைய பத்திரிகைகளைச் சனிக்கிழமை உட்கார்ந்து தரம் பிரிப்பார். மாதா படம் போட்ட தாள் ஒரு பக்கம், பிள்ளையார் படம் போட்ட தாள் ஒரு பக்கம், பெருநாள் வாழ்த்துப் போட்ட தாள் ஒரு பக்கம். அதெல்லாம் இறைச்சிக்கு ஆகாது. மிஞ்சுவது அரசியல்வாதிகள் சிரிக்கிற தாள். அதை எடுத்து, முகம் உள்ளே வரும்படி பார்த்துச் சுற்றுவார். "கொழுப்புக்குக் கொழுப்புச் சேரட்டும்." அதற்கு மேலே கறுப்புச் சொப்பிங் பை, அதற்கு மேலே இன்னொன்று, வாயில் செருகிவிட இரண்டு கருவாடு. பாலத்துச் சோதனைச் சாவடியில் கேட்டாலும் கருவாடு, வீட்டில் கேட்டாலும் கருவாடு.

சொல்லுக்கு அவரிடம் பஞ்சமா என்றால், கொட்டிக் கிடக்கிறது. துபாயில் ஒரு சுப்பர்மாக்கெற்றில் எட்டு வருடம் இறைச்சி வெட்டினவர். கடையின் கடைசி மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. கதவுக்கு மேலே 'முஸ்லிம் அல்லாதவர்களுக்கு' என்று முழு நீளப் பலகை. அதற்குள்ளே வெள்ளைத் தொப்பியோடு டொமினிக். பிலிப்பைன்ஸ்காரி 'பாபோய்' என்பாள். சீனன் 'ஜூ ரோ' என்பான். ரஷ்யாக்காரி 'ஸ்வினினா' என்று விரலால் கனம் காட்டுவாள். ஜெர்மன்காரன் 'ஷ்வைனஃப்ளைஷ்' என்று சொல்லி முடிப்பதற்குள் அரைக் கிலோ வெட்டிவிடலாம். கோட்டயத்து மலையாளி 'பன்னியிறச்சி' என்று வாய் நிறையச் சொல்லி, அதற்கு எந்தக் கிழங்கு சேரும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவான். விலைச் சீட்டில் இருந்த 'கின்ஸீர்' என்ற அரபுச் சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தவர் அந்தக் கடையின் எகிப்துக் காவலாளி. பாரிசில் இருக்கிற மச்சாளும் ஒரு சொல் அனுப்பியிருக்கிறாள். "பிரான்சில 'போர்' எண்டுதானாம் சொல்லுறது. நல்ல பேர்தான். அதை இஞ்ச முப்பது வருசம் நாங்கள் கேக்காமலே எங்கட கோப்பையில போட்டவங்கள்" என்பார். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது மொழி.

பத்தாவதாகச் சொந்த மொழி இருக்கிறதே, அதுதான் வாயில் வராது. கடை திறந்த முதல் மாதம், வாசலில் தயங்கி நின்ற, அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒரு கந்தோர்க்காரரிடம் "பண்டி இறைச்சியோ அண்ணை, எவ்வளவு?" என்று பச்சையாகக் கேட்டுவிட்டார். அந்த மனிதர், தான் பள்ளிமுனைக்கு வழி கேட்க நின்றதாகச் சொல்லிவிட்டுப் போனவர்தான், இன்றுவரை திரும்பவில்லை. அன்றோடு டொமினிக்கின் வாய்க்குப் பூட்டு. அது கடையோடும் நிற்கவில்லை. வைத்தியசாலைத் துண்டு எழுதும்போது தொழில் என்னவென்று கேட்டால் 'உணவுத் துறை' என்கிறார். மனைவியிடம்கூட "சாமான் வந்திட்டுது" என்றுதான். செலீனா சும்மா விடுகிற ஆளா? "கலியாணம் கட்டின புதுசில என்ர பேரைச் சொல்லவும் உந்த மனுசனுக்கு இப்பிடித்தான் வாய் ஓடேல்ல. நாலு பிள்ளை பிறந்த பிறகுதான் செலீனா எண்டு கூப்பிட்டவர்" என்று அடுப்படியிலிருந்தே சொல்லுவாள்.

இந்த வருடம் பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது. எந்த மிருகத்தின் இறைச்சி விற்கப்படுகிறது என்பதை மூன்று மொழியிலும், வீதியால் போகிறவர் வாசிக்கக்கூடிய எழுத்தில், கடை முகப்பில் எழுதி மாட்ட வேண்டும். மாதக் கடைசிக்குள் பலகை இல்லாவிட்டால் அடுத்த வருடத்துக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. டொமினிக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். ஊர்க்காரர் வாங்குவது ஒரு பதினைந்து கிலோ. மிச்சம் நாற்பதும் பாலம் தாண்டிப் போவது. பலகை போடாவிட்டால் சபை கடையைப் பூட்டும். போட்டால் வாடிக்கைக்காரர் பூட்டுவார்கள். "எந்தப் பக்கத்தால பூட்டுறது எண்டதை மட்டும் என்னட்டக் கேட்டிருக்கினம்" என்றார் செலீனாவிடம். அன்று அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

மன்னார்ப் பட்டினத்தில் பலகை அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருப்பவர் றம்லா. கலியாணப் பதாகை, கண்ணீர் அஞ்சலி, தேர்தலில் நிற்கிறவர்களின் முகம், எல்லாம் அவர் கையால்தான் ஊருக்குள் வரும். டொமினிக் அவர் முன்னால் கதிரை நுனியில் இருந்துகொண்டு, "தங்கச்சி, 'டொமினிக் இறைச்சிக் கடை' எண்டு ஒரு பலகை வேணும்" என்றார்.

"என்ன இறைச்சி அண்ணன்?"

"அது... இறைச்சிதான்."

"மாடா, ஆடா, கோழியா?"

"போர்க்."

"இங்கிலீசுக்குச் சரி. தமிழுக்கு?"

டொமினிக் மேலே சுழலுகிற காற்றாடியைப் பார்த்தார். "உங்கட முன்னால எப்பிடிச் சொல்லுறது தங்கச்சி. எழுத்து வேண்டாம், ஒரு படத்தைப் போட்டு விடுங்கோவன். சின்னதா."

றம்லா கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். தலை முக்காட்டைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "ஹறாம் திங்கிறதுதான் அண்ணன். எழுத்தை நான் திங்கப் போறேனா? குர்ஆன்லயே அந்தப் பேர் இருக்கு, ஓதுறம்தானே. நல்ல பெரிசா அடிப்பம். சின்னதா அடிச்சு, எங்கட ஆள் ஒராள் தெரியாம வந்து வாங்கிட்டுப் போனா உங்களுக்கும் பாவம்தானே?"

சொல்லிக்கொண்டே 'பன்றி இறைச்சி' என்று தட்டினார். எட்டு அடிக்கு மூன்று அடி, மஞ்சளில் சிவப்பு. சிங்களமும் ஆங்கிலமும் அதற்குக் கீழே அடக்கமாக இருந்தன. வாழ்நாளில் அதை வாயில் வைக்காத பெண்ணுக்குச் சொல்லில் வெட்கமில்லை. வாரம் நாற்பது கிலோ தின்று தீர்க்கிறவர்களுக்குத்தான் அது காதில் பட்டாலே காய்ச்சல். டொமினிக் இதை நன்றாகவே விளங்கிக்கொண்டார். என்றாலும் ஓட்டோவில் வரும்போது பலகையின் எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

பலகை ஏறிய முதல் ஞாயிறு. பாலம் தாண்டி வந்த மோட்டார் சைக்கிள்கள் கடையடியில் வேகம் குறைத்தன. வாசித்தன. வேகம் கூட்டின. மாவட்டம் எழுத்தறிவில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை டொமினிக் அன்று தன் கண்ணாலேயே கண்டார். பலகையின் நிழலுக்கு வந்து நின்றவை இரண்டு கழுதைகள் மட்டும். பத்து மணிக்கு ஐஸ் கரைந்து காலடியில் ஓடியது. சொந்தக்காரர், அக்கம்பக்கம், பங்குத் தந்தையின் குசினி என்று பகிர்ந்து கொடுத்தும் இறைச்சி முடியவில்லை. அந்தக் கிழமை முழுக்கச் செலீனா அதையே கறி வைத்தாள், பொரித்தாள், வினாகிரியில் ஊறப் போட்டாள். சனிக்கிழமை வரப்போகிற அடுத்த ஐம்பத்தைந்து கிலோவுக்கு முன்காசு கொடுத்தாயிற்று, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. "அடுத்த ஞாயிறும் இப்பிடியெண்டால் கடையைப் பூட்டிப்போட்டுத் திரும்பத் துபாய்க்குப் போங்கோ. அம்பத்தெட்டு வயசில எடுப்பாங்களோ எண்டு கேட்டுப் பாருங்கோ" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான்.

வியாழக்கிழமை தொலைபேசி அடித்தது. சிவசுப்பிரமணியம் ஐயா. "உதென்ன தம்பி பலகை, ஊர் உலகமெல்லாம் வாசிக்கிற மாதிரி! நான் வருத்தக்காரன், மருந்தில்லாமல் என்ன செய்யிறது? ஞாயிறு ஏழரைக்குப் பின் வளவால வாறன். அந்த நேரம் உங்கட ஆக்கள் மாதா கோயில் பூசையில நிப்பினம், றோட்டில சனமிராது. ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்."

"ஓம் ஐயா."

அரை மணித்தியாலத்தில் அவருடைய மருமகன் தனஞ்சயன். கந்தோரில் வேலை செய்கிறவர், 'போர்க்' வகுப்பைச் சேர்ந்தவர். "அண்ணை, ஞாயிறு ஏழரைக்குப் பின்னால வரட்டோ? பூசை நேரம் பாத்து வாறன். மாமாவுக்குத் தெரிஞ்சால் கொலைதான் விழும்."

"ஓம் தம்பி."

சனிக்கிழமை இரவுக்குள் இன்னும் ஏழு பேர். எல்லாரும் மகா புத்திசாலிகள். அதனால் எல்லாருக்கும் பூசை நேரம்தான் உதித்தது. கேட்டுக்கொண்டிருந்த செலீனா, "எல்லாருக்கும் ஏழரையோ?" என்றாள்.

"அவையள் தனித்தனியாக் கேட்டவை. நானும் தனித்தனியாத்தான் ஓமெண்டனான்."

ஞாயிறு காலை, இறைச்சி கொத்துகிற மரக்குத்தியைப் பின்வளவுக்கு உருட்டிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்தார் டொமினிக். ஏழரைக்குக் கிடுகுப் படலையைத் தள்ளிக்கொண்டு முதலில் ஒரு ஹெல்மெட் வந்தது. முகம் மூடின கறுப்புக் கண்ணாடி. மோட்டார் சைக்கிளை எங்கேயோ விட்டுவிட்டு ஹெல்மெட்டோடேயே நடந்து வந்திருக்கிறது. பின்னாலே இன்னொன்று. பிறகு இரண்டு ஒன்றாக. ஐந்து நிமிடத்தில் கிணற்றைச் சுற்றி ஒன்பது ஹெல்மெட்டுகள், ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. செலீனாவின் கோழிகள் பயந்து கூட்டுக்குள் ஓடின. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா.

காட்டிக் கொடுத்தது குரல் அல்ல, செருமல். முதலாவது ஹெல்மெட் தொண்டையைச் செருமியது. நாலாவது ஹெல்மெட் திடுக்கிட்டுத் திரும்பியது.

"மாமா?"

"நான்... ஒரு ஆட்டுக்கிடாய் பாக்க வந்தனான்" என்றார் சிவசுப்பிரமணியம், கண்ணாடியைத் தூக்காமலே. "நீர் என்ன இஞ்ச?"

"நான் மாமா, தென்னங்கண்டு. இஞ்ச நல்ல கண்டு இருக்கெண்டு சொன்னவை" என்றார் தனஞ்சயன்.

"நண்டு" என்றது மூன்றாவது ஹெல்மெட், யாரும் கேட்காமலே. "நண்டு விக்கிற வீடெண்டு நினைச்சு வந்திட்டன்." மற்ற ஹெல்மெட்டுகளும் தலையாட்டின. நண்டு எல்லாருக்கும் வசதியாகப் பட்டது.

டொமினிக்குக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. ஐஸ் பெட்டிக்குள் ஐம்பத்தைந்து கிலோ கிடக்கிறது. ஒருவர் கேட்டால் மற்றவர்களும் கேட்பார்கள். அந்த முதல் ஆள்தான் இந்த வளவில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்பது பேரும் நண்டில்லாமல் வந்த வழியே போய்விடுவார்கள். கசிப்புச் சாராயம் விற்கிறவன் வீட்டுக்குக்கூடச் சனம் முகத்தோடு போகிறது. அரபு நாட்டில் கண்ணாடி அறைக்குள் எல்லாரும் பார்க்க நின்று விற்றவன், சொந்த வளவில் கள்ளன் மாதிரி நிற்கிறேனே என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது.

"நண்டு கடற்கரையில" என்றார். "ஆட்டுக்கிடாய்க்கு எருக்கலம்பிட்டிப் பக்கம் போங்கோ. தென்னங்கண்டு எனக்குத் தெரியாது. இது பண்டி இறைச்சிக் கடை. பண்டி இறைச்சி! வேணுமெண்டால் எல்லாரும் முன்னால வாங்கோ. இனிப் பின்னால விக்கிறேல்ல."

அடுப்படியில் செலீனாவின் அகப்பைச் சத்தம் நின்றது. டொமினிக் குத்தியைச் சரித்து, இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டு வீட்டோரத்தால் முன்னுக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாயிருந்தது. பலகைக்குக் கீழே குத்தியை நிமிர்த்தி, இறைச்சியை எடுத்துப் போட்டு, கத்தியைக் கையில் பிடித்தபடி றோட்டைப் பார்த்து நின்றார். பின்னால் படலை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பவும் கேட்டது. மூன்று மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு பாலத்துப் பக்கம் பறந்தன. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் றோட்டுக்கு இறங்கியது.

அப்போது வீட்டோரத்தால் சிவசுப்பிரமணியம் ஐயா வந்தார். பலகைக்குக் கீழே வந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார். விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது. றோட்டால் போகிற சனத்தை ஒரு தரம் பார்த்தார். பின்னால் வந்து நின்ற மருமகனையும் ஒரு தரம் பார்த்தார்.

"பண்டி இறைச்சி ரெண்டு கிலோ தாரும்" என்றார், பரிபாலன சபைக் கூட்டத்தில் பேசுகிற குரலில். "எனக்கு வருத்தமொண்டும் இல்லை. விருப்பம், அதுதான்."

"மாமா, எனக்கும் சேத்து மூண்டாச் சொல்லுங்கோ" என்றார் தனஞ்சயன். அவருக்குப் பின்னால் நாலு ஹெல்மெட்டுகள், ஒவ்வொன்றாகக் கழன்றபடி வரிசையில் நின்றன.

டொமினிக் உடனே வெட்டவில்லை. கத்தியைக் குத்தியில் வைத்துவிட்டு உள்ளே போய், விருந்தாளிகளுக்கென்று செலீனா துணி போட்டு மூடி வைத்திருக்கும் கைபிடிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இருங்கோ ஐயா, ஆறுதலா வெட்டித் தாறன்" என்று, அதைப் பலகைக்கு நேர் கீழே, றோட்டைப் பார்த்தபடி போட்டு, தோளில் கிடந்த துவாயால் இரண்டு தரம் துடைத்துவிட்டார்.